பதின்மூன்று கிராம் ஈயம்

2024 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40. இரவு பெய்த மழை ஐந்து மணிக்கு முன்பே விட்டிருந்தது. மலைப்பக்கம் மூடுபனி. காற்று இல்லை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். உக்குவளையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் மூன்று கல் கூட்டி, இரும்புச் சட்டி ஒன்றை ஏற்றி, துவக்குச் சன்னம், அதாவது குண்டு, வார்ப்பதற்காக அதில் ஈயத்தைப் போட்டேன். எனக்கு அப்போது எழுபத்தைந்து வயதும் நான்கு மாதமும்.

நேரத்தையும் வானிலையையும் குறித்து வைப்பது என் வேலைப் பழக்கம். முப்பத்துநான்கு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன் நான். தபால் பை வந்த நேரத்தைப் பதிவதற்கு ஒரு கொப்பி இருக்கும். தாமதமானால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும்: மழை, பாலத்துக்கு மேல் தண்ணீர், பஸ் பழுது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கொப்பி மட்டும் மாறியது.

சன்னம் எனக்கல்ல, மச்சானுக்கு. என் மனைவியின் தம்பி அவன். எழுபத்தொரு வயதுக்காரனை 'அவன்' என்று எழுதுவது சரியில்லைதான். ஆனால் நான் பெண் பார்க்கப் போன அன்று என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி, சங்கிலியைக் கழற்றிக் கொண்டுவந்து தந்தவன். அதன் பிறகு 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

அவன் காணி என் வீட்டிலிருந்து, என் நடைக்கு, அறுநூற்று நாற்பது எட்டுத் தூரத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். மேல் பாதியில் மிளகு, கீழ் பாதியில் மரவள்ளி. அதற்கு அப்பால் கைவிட்ட தோட்டம், பிறகு காடு. காட்டிலிருந்து பன்றி வரும். அதற்காகத்தான் அந்தத் துவக்கு. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, தேங்காய்த் தும்பு வைத்து, சன்னத்தை இறக்கி, கம்பியால் இடித்துச் சுடும் பழைய மாதிரி. என் மாமனார் பயிர்க் காவலுக்கென்று அனுமதிப் பத்திரம் எடுத்து வாங்கியது. அவருக்குப் பிறகு பத்திரம் மச்சான் பேருக்கு மாறியது. வருடா வருடம் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போய்ப் புதுப்பிப்பான். நானும் கூடப் போவேன், படிவம் நிரப்ப.

2024 ஜூனில் மச்சான் மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்தான். பதினோராவது படி. வலது தோள் எலும்பு முறிந்து, கண்டியில் தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு திருகாணி. அந்தத் தோளில்தான் துவக்கின் கட்டையை வைத்துச் சுட வேண்டும். இடது தோளில் வைக்கலாம் என்றால் இடது கண்ணில் புரை. அவன் சுடாமல் இருந்த நான்கு மாதத்தில் பன்றி, நட்டிருந்த எண்ணூற்று அறுபது மரவள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டைக் கிளறிப் போட்டுவிட்டது. மச்சானுக்கு அந்தத் தொகை தெரியாது. வரப்பு வரப்பாக நடந்து எண்ணியது நான்.

தீபாவளிக்கு அவன் மகள் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையிலிருந்து வந்திருந்தாள். தாய் இல்லாத வீட்டில் தகப்பன் தனியாக இருப்பது அவளுக்கு ஆறு வருடமாக மனக்கஷ்டம். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, இந்தத் தடவ கிழங்கையும் பன்னி தின்னுட்டா பேசாம எங்கூட வந்துருங்க. காணிய யாருக்காச்சும் குத்தகைக்கு குடுப்போம்."

மச்சான் முறுக்கைக் கடித்தபடி, "சரி, அப்படியே செய்வோம்" என்றான். எல்லோர் முன்னாலும். பேச்சுக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை.

நான் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவன் வருவான், அல்லது நான் போவேன். பிளேன்டீ குடிப்போம். நான் அன்றைக்கு எண்ணியதைச் சொல்வேன், அவன் கேலி செய்வான். நாற்பத்து மூன்று வருடமாக இதுதான் நடக்கிறது. என் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மனைவிக்கு என் கணக்குகளைக் கேட்கப் பொறுமை கிடையாது. மச்சான் வத்தளைக்குப் போனால் ஐந்து மணிக்கு நான் போக இடமில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சன்னத்தை லேசாக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பழைய அச்சு ஒன்று துவக்கோடு வந்தது. பித்தளையில், இடுக்கி போலத் திறந்து மூடுவது. அதில் வார்த்த உருண்டையை என் கடிதத் தராசில் வைத்தால் இருபத்தெட்டு கிராம். அந்தக் காலத்தில் ஒரு தபால்தலை ஒட்டிப் போகக்கூடிய கடிதத்தின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். உருண்டை கனமாக இருந்தால் மருந்து கூட வேண்டும், மருந்து கூடினால் தோளில் உதை கூடும். சன்னத்தைப் பாதியாக்கினால் மருந்தையும் குறைக்கலாம், உதையும் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

மறுநாளே, உக்குவளையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும், 'நானா' என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் அச்சைக் கொண்டுபோனேன். உள்ளே ஒரு முளை இறங்குகிற மாதிரி செய்து தரவேண்டும், அப்போது சன்னம் அடியில் குழியோடு, தையற்காரர் விரலில் போடும் தொப்பி மாதிரி வரும் என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல? ரிட்டையர் ஆகி யாரையும் சுடப்போறீங்களா?"

பத்திரத்தின் பிரதியை எடுத்து வைத்தேன். அதை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னார். சனிக்கிழமை காலை முளை தயாராக இருந்தது. அரை மில்லிமீற்றர் சாய்வு. திருப்பிக் கொடுத்தேன். மத்தியானம் சரியாக இருந்தது.

ஈயம் வாங்க வேண்டியிருக்கவில்லை. என் கட்டிலுக்குக் கீழே இரண்டு தகரப் பேணிகளில் இருந்தது.

தபால் பையின் வாயை நூலால் கட்டி, நூலின் இரு நுனியையும் ஒரு சிறு ஈய வில்லைக்குள் நுழைத்து, குறட்டால் அழுத்தி முத்திரை வைப்பார்கள். குறட்டின் வாயில் கந்தோரின் பெயர் வெட்டியிருக்கும். அழுத்தினால் ஈயத்தில் பெயர் விழும். பை வந்ததும் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, பெயரை வாசித்து, நூலை வெட்ட வேண்டும். வெட்டிய முத்திரையைக் குப்பையில் போடலாம். நான் முதல் வருடம் போட்டேன். பிறகு சிலதைப் போட மனம் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று மேசையின் இழுப்பு லாச்சியில் சேர்ந்து, ஓய்வு பெற்ற நாளில் எண்ணினால் நூற்று முப்பத்தொன்று. ஒன்று ஏழு கிராம் வீதம் 917 கிராம். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாகப் பிரித்தேன். பெயர் தேய்ந்து வாசிக்க முடியாதவை அறுபத்து நான்கு. வாசிக்கக்கூடியவை அறுபத்தேழு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்தது முதல் பேணியை. பெயரில்லாதவற்றை உருக்குவதில் எனக்குச் சங்கடம் இருக்கவில்லை.

சங்கடம் வேறு இடத்திலிருந்து வந்தது. பதினாறு வருடத் தூசு அதில் ஏறியிருந்தது. தூசோடு நிறுத்தால் எடை சரியாக வராது என்று, முதல் நாள் மாலை அறுபத்து நான்கையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்து வைத்தேன். வெளியே காய்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முத்திரையின் வயிற்றுக்குள்ளும் அந்த நூல் முடிச்சு இருக்கிறது. அது தண்ணீரைக் குடித்துவிட்டு இருந்தது.

மச்சான் பக்கத்தில் நின்று பார்க்க, முதல் பத்து மெதுவாக உருகின. ஈயம் கண்ணாடி போல் மினுங்கியது. அடுத்த கைப்பிடியை அதற்குள் போட்டேன். 'பட்' என்று ஒரு சத்தம், பிறகு பல சத்தம். சட்டியிலிருந்து ஈயம் மேலே எழும்பியது. மச்சான் இடது கையால் என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். இருவரும் கோழிக்கூட்டில் போய் மோதி நின்றோம். என் மூக்குக் கண்ணாடியில் ஏழு இடத்தில் ஈயம் ஒட்டியிருந்தது, வலது பக்கத்தில் நாலு, இடது பக்கத்தில் மூன்று. உடுத்திருந்த சாரத்தில் ஐந்து ஓட்டை. முழங்கையில் ஒரு கொப்புளம். கண்ணாடி போடாதவனாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மச்சானுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. கழுவினேன் என்று நான்தான் சொன்னேன்.

"பன்னிக்குக் குடுக்கப்போற சாமான சவுக்காரம் போட்டு கழுவுன ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அத்தான்" என்றான். "பவுடர் போடலியா?"

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லியிருந்தாள்: சோறு ஆக்குகிற அடுப்பில் ஈயம் காய்ச்சக் கூடாது, காய்ச்சுகிற சட்டி திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது, காய்ச்சிய ஆள் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது.

மிச்ச முத்திரைகளைத் தகரத்தில் பரப்பி, நெருப்புக்கு மேல் பிடித்து, நூல் கருகி உதிரும்வரை வாட்டினோம். அதற்கு ஒன்றரை மணித்தியாலம். பிறகு சட்டி அடங்கி ஒழுங்காக வேலை செய்தது. மேலே படிந்த அழுக்கைக் கரண்டியால் வழித்தெடுத்தேன். அச்சின் உள்பக்கத்தைக் குப்பி லாம்புப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிக்கொண்டேன், ஈயம் ஒட்டாமல் விழ. அகப்பையால் மொண்டு ஊற்றி, பத்து எண்ணி, அச்சைத் திறந்து தட்டினால் சன்னம் சாக்கில் விழும். முதல் எட்டும் சுருக்கம் விழுந்த முகத்தோடு வந்தன. அச்சு இன்னும் சூடேறவில்லை. அவை திரும்பச் சட்டிக்குள். ஒன்பதாவது நன்றாக வந்தது. அச்சு அதிகமாகச் சூடேறினால் ஈயம் பூத்துப்போய் வரும். அதையும் கழித்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இருபத்தொன்பது சன்னம் தேறியது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். பதின்மூன்று கிராம். அரை கிராமுக்கு மேல் வித்தியாசம் உள்ளதை ஏற்றுக்கொள்ளவில்லை. மச்சான் ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, அக்காவுக்கு மோதிரம் செய்யலாம் என்றான்.

நவம்பர் 9, சனிக்கிழமை, மாலை 4.10க்கு சுட்டுப் பார்த்தோம். வெயில் இருந்தது. காணியின் மேல் பக்கத்து மண்மேட்டில் பிஸ்கட் தகரத்தின் மூடியை வைத்து, மச்சான் இருபது எட்டுத் தள்ளி நின்றான். மருந்தைப் பாதியாகத்தான் போட்டிருந்தோம். முதல் சன்னம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவது மூடியில் பட்டது. ஆனால் ஓட்டை வட்டமாக இல்லை. சாவித்துவாரம் மாதிரி நீளமாக இருந்தது. லேசான சன்னம் காற்றில் புரண்டு போயிருக்கிறது. மூன்றாவது மேட்டில் புதைந்தது.

"தோள் எப்படி?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அத்தான். தட்டிக் குடுத்த மாதிரி இருக்கு."

அவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு மூடியை எடுக்கப் போனான். நான் கொப்பியில் 'மூன்று' என்று எழுதினேன். மிச்சம் இருபத்தாறு.

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, கேட்டேன். பன்றி இருட்டும் நேரத்தில் இறங்கும். ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் கீழே இருந்து 'டும்' என்று ஒரு சத்தம் வரும். நாய்கள் குரைக்கும். நான் கொப்பியில் ஒரு கோடு போடுவேன். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு, சில வாரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் மரவள்ளியை எண்ணினேன். டிசம்பர் முடியும்போது புதிதாகக் கிளறியது முப்பத்தொன்றுதான். முன்பு பதினேழு நாளில் போனது இப்போது இரண்டு மாதத்தில்.

அடிபட்ட பன்றி ஏதும் கிடந்ததா என்று கேட்டால், ஓடிவிட்டது என்பான். சன்னம் எத்தனை மிச்சம் என்று கேட்டால், "எண்ணல" என்பான். எண்ணவில்லை என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு விளங்குவதில்லை. ஒரு பேணியில் கையை விட்டால் முடிகிற வேலை.

ஜனவரி 24ஆம் திகதி கோடுகளைக் கூட்டினேன். இருபத்தொன்று. இருபத்தாறிலிருந்து கழித்தால் ஐந்து. கிழங்கு கிளப்ப இன்னும் ஆறு வாரம். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் பன்னிரண்டு வேண்டும். ஏழு குறைகிறது. அந்தச் சமயத்தில் மகள் வேறு தொலைபேசியில் கேட்டிருந்தாள், அப்பாவுக்கு முன் அறையை ஒழித்து வைக்கட்டுமா என்று.

மனைவியிடம், இரண்டாவது பேணியைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தவள், "ஒங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, அறுபத்தேழு முத்திரைகளையும் மேசையில் பரப்பினேன். கழுவவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். அதற்கு நாற்பது நிமிடம் எடுத்தது.

வில்கமுவ என்று எழுதியவை ஒன்பது. மாவட்டத்தின் கோடியிலிருந்து வரும் அந்தப் பை வந்துசேர்ந்தால் எங்களுக்கு ஆச்சரியம். மழைக்காலத்தில் பஸ் இல்லாமல் உழவு இயந்திரத்தில் வந்த நாள்களும் உண்டு. பையைத் திறந்தால் நெல் உமி கொட்டும். பல்லேகம பதினான்கு. அந்தப் பையோடு வரும் ஓட்டக்காரர் மழையில் நனைந்து வந்து, முதலில் பையைத் துடைத்துவிட்டுத்தான் தலையைத் துடைப்பார். இன்னும் சில, தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்த உப தபாலகங்களுடையவை. சிலது இப்போது இல்லை. அந்தப் பைகளில்தான் தோட்டத்து ஆட்களின் கடிதங்கள் போகும், வரும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, லயத்துக்கு லயம், குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. போனவர்கள் எழுதுவார்கள். மண்டபத்திலிருந்து, திருச்சியிலிருந்து, நீலகிரியிலிருந்து. நீல நிற உள்நாட்டுத்தாள் மாதிரி மெல்லிய காகிதம், நான்கு பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதி, ஒட்டுகிற மடிப்பிலும் எழுதியிருக்கும். எடை பத்து கிராமைத் தாண்டாது. வாங்க வருகிற ஆள் வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே நின்று, வாசித்துக் காட்டச் சொல்வார். பின்னால் வரிசை நிற்கும். நான் வாசிப்பேன். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி இருக்கும்: நீங்கள் எப்போது வருகிறீர்கள்? பதில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர், வருகிறோம் என்று எழுதச் சொல்வார்கள். மற்றப் பாதிப் பேர், இங்கேயே இருக்கிறோம் என்று எழுதத் தயங்கி, மழை எப்படி என்று கேட்டு எழுதச் சொல்வார்கள்.

ஒரு முத்திரை நான் முதன்முதல் வேலைக்குப் போன கந்தோருடையது. ஒன்று, கடைசி நாள் நான் என் கையால் குறட்டை அழுத்தி, எந்தப் பையிலும் கட்டாமல், சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. இவை இரண்டையும் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். பதினான்கு கிராம், அதாவது ஒரு சன்னம். ஏழுதான் வேண்டும். முப்பது வரும். அப்படியிருந்தும் அந்த இரண்டையும் சட்டியில் போட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மிச்சம் வைத்துக்கொண்டு கொடுத்தால், கொடுத்ததாக ஆகாது என்று அந்த நேரம் தோன்றியது.

பெயர்கள் உடனே போய்விடுவதில்லை. ஈயம் அடியிலிருந்து இளகும். மேலே கிடக்கிற முத்திரையில் எழுத்து கடைசிவரை தெரியும். பிறகு ஓரம் வழுக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, மூழ்கும்.

முப்பத்தொரு சன்னம் வந்தன. எல்லாம் பதின்மூன்று கிராம். குளித்து, உடுப்பு மாற்றி, மாலை 5.20க்கு ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அறுநூற்று நாற்பது எட்டு.

மச்சான் காணியில் காவல் குடிசைக்கு முன்னால் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான். குடிசைக்குள் தட்டில், அவன் சன்னம் போட்டு வைக்கிற பால்மாப் பேணி இருந்தது. அவன் எழுந்து வருவதற்குள் நான் அதை எடுத்து மூடியைத் திறந்தேன், புதியதைக் கொட்டுவதற்கு. பேணி கனமாக இருந்தது. ஐந்து சன்னத்தின் கனம் அறுபத்தைந்து கிராம். இது அதுவல்ல என்று கைக்கே தெரிந்தது.

தட்டில் கொட்டி எண்ணினேன். இருபத்தாறு. திரும்ப எண்ணினேன். இருபத்தாறு.

மச்சான் வாசலில் நின்றான்.

"இருபத்தோரு வெடி கேட்டுச்சு" என்றேன்.

"இருபத்திரெண்டு. பொங்கலண்ணைக்கு நீங்க கோயிலுக்குப் போயிட்டீங்க."

"அப்ப என்னத்த சுட்ட?"

"மருந்து, தும்பு. அவ்வளவுதான் அத்தான். சன்னம் போடல."

அவன் உள்ளே வந்து மரக்கட்டையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினான். தகடு வைத்த இடத்தில் தழும்பு, அதற்குக் கீழே தோல் கறுத்துத் தடித்த ஒரு அடையாளம். நவம்பர் 9ஆம் திகதி மூன்றாவது வெடிக்கு வந்தது என்றான். மூடியை எடுக்கப் போகிற மாதிரிப் போய் மேட்டுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான். மறுநாள் பன்றி இறங்கியபோது சன்னமில்லாமல் வெறும் மருந்தைப் போட்டு ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டான். உதை இல்லை. சத்தம் அதே சத்தம். பன்றி ஓடிவிட்டது. அதன் பிறகு அப்படியே செய்துவந்திருக்கிறான்.

பதின்மூன்று கிராமுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் அதைப் பூச்சியமாக்கிவிட்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நீங்க ஓட்ட விழுந்த சாரத்தோட, கண்ணாடி முழுக்க ஈயத்தோட நின்னுக்கிட்டு தோளு எப்படின்னு கேக்குறீங்க. நோவுதுன்னு சொன்னா அக்காகிட்ட சொல்லுவீங்க, அக்கா வத்தளைக்கு போன் அடிக்கும். நான் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்." பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "எனக்கு அங்க போக இஷ்டமில்ல அத்தான்."

தீபாவளி அன்று சரி என்று சொன்னாயே என்று கேட்டேன். பிள்ளை சாப்பாட்டு முன்னால் அழப் பார்த்தது, வேறென்ன சொல்வது என்றான்.

பிறகு அவன் என் கையிலிருந்த பையைப் பார்த்தான். வாங்கி வாயைத் திறந்தான். புதிய சன்னம் வெள்ளியாக மினுங்கியது.

"இது எங்க இருந்து?"

"ரெண்டாவது பேணி."

அவனுக்கு அந்தப் பேணி தெரியும். எத்தனையோ மாலைகளில் அதைத் திறந்து அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறான். இப்போது கேலி ஒன்றும் செய்யவில்லை. ஒரு சன்னத்தை எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்து ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடியிருப்பான். மிஞ்சவில்லை.

"பல்லேகமயுமா?"

"எல்லாம்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நான் சொன்னதை இங்கே எழுதவில்லை. அவன் கேட்டுக்கொண்டே அடுப்பில் தண்ணீர் வைத்தான். நான் சொல்லி முடித்ததும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே கீழ் வரப்பில் ஏதோ சலசலத்தது. மச்சான் எழுந்து துவக்கில் மருந்தைப் போட்டு, தும்பை வைத்து இடித்து, என்னிடம் நீட்டினான். நான் வாழ்நாளில் சுட்டதில்லை. தோளில் வைத்து, கண்ணை மூடி, ஆகாயத்தைப் பார்த்து இழுத்தேன். சத்தம் காதை அடைத்தது. தோளில் ஒன்றுமே இல்லை. ஒரு பிள்ளை வந்து சாய்ந்த மாதிரி இருந்தது. நாய்கள் குரைத்தன. நேரம் 6.35. வீட்டில் கோடு போட ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மனைவிக்குத் தெரிந்திருந்தது. நவம்பர் மாதமே தம்பி அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறான். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பீங்க. எண்ண ஏதாச்சும் இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள். பிறகு, அந்தப் பேணியை எடுத்த அன்று தடுக்க வாய் வந்ததாகவும், தடுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்று விட்டதாகவும் சொன்னாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நேரம் அதுதான். அன்று இரவு அவள் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது, காலியான இரண்டு பேணிகளையும் எடுத்தெறியாமல், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பேசத் தொடங்கினேன். இரண்டு நாள் பேசாமல் இருக்க நினைத்திருந்தேன்.

மார்ச் 8ஆம் திகதி மரவள்ளி கிளப்பினோம். அறுநூற்றுப் பதினேழு மூடு; புது வருடத்தில் ஒன்றும் போகவில்லை. அடுத்த வாரம், நாடு முழுவதும் காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம் பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ணச் சொல்லி அரசாங்கம் தாள் கொடுத்தது. இப்படி ஒரு உத்தரவுக்கு நான் வாழ்க்கை முழுவதும் காத்திருந்தேன் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவன் காணிக்கு நான்தான் எண்ணினேன். குரங்கு பதினான்கு, மயில் மூன்று, மர அணில் இரண்டு, பன்றி பூச்சியம். பன்றி பகலில் வராது என்று எழுத அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை. நான் ஓரத்தில் எழுதினேன்.

கிழங்கு விற்ற கையோடு மச்சான் வத்தளைக்குப் போனான். நான்கு நாள் இருந்துவிட்டு வந்துவிட்டான். வருகிற வழியில் மகளுக்குத் தெரியாமல் புது மரவள்ளித் தடிகள் நட ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, மாமா, அப்பாவுக்குத் தோள் நன்றாக இருக்கிறதா, துவக்குச் சுட முடிகிறதா என்று கேட்டாள். முடிகிறது என்றேன். அது பொய்யல்ல.

ஐம்பத்தேழு சன்னமும் பால்மாப் பேணியில் இருக்கின்றன. சில மாலைகளில் மச்சான் அதைக் கொட்டி, எது பல்லேகம, எது வில்கமுவ என்று என்னிடம் கேட்பான். நான் ஏதாவது ஒன்றைக் காட்டிச் சொல்வேன். மறுநாள் அதே சன்னத்தைக் காட்டி வேறு பெயர் சொன்னால், நேற்று மாற்றிச் சொன்னீர்களே என்று பிடிப்பான்.

நானாவுக்கு முளை செய்த கூலி 4,500. மூக்குக் கண்ணாடிக்குப் புது வில்லை 11,200. சாரம் 1,650. இரும்புச் சட்டியும் அகப்பையும் 1,380. பட்டறைக்குப் போய்வந்த ஓட்டோ நான்கு தடவை 1,200. கொப்புளத்துக்குப் பூச்சு 260. முத்திரைகளுக்கு விலை போடவில்லை. வார்த்தது அறுபது சன்னம், ஒன்று 336 ரூபாய் 50 சதம். அதில் சுட்டது மூன்று என்பதால் வெடி ஒன்றுக்கு 6,730 ரூபாய் என்று மச்சான் கணக்குச் சொல்கிறான். வகுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. மொத்தம் 20,190 ரூபாய்.